பாடலை ஏற்று மொழியை மறுக்கலாமா?

கிறிஸ்து பிறப்புக் காலத்தில், வேல்ஸ் நாட்டின் மான்ட்காமரிஷயர் என்னும் மலைப்பாங்கான வட்டாரத்துச் சிற்றூர் ஆலயங்களில் ஒரு தனிப்பட்ட வழிபாடு நடைபெறுகிறது. அதற்குப் 'பிளகைன்' என்று பெயர். சேவல் கூவும் வேளையைக் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். முற்காலத்தில் கிறிஸ்து பிறப்பு நாளன்று, விடிவதற்கு முன்னரே மக்கள் மெழுகுதிரி ஏந்தி ஆலயத்துக்கு வந்து, பொழுது புலரும்வரை பாடிக்கொண்டிருப்பர். இக்காலத்தில் இது பெரும்பாலும் மாலை வேளைகளில், டிசம்பர் இறுதி தொடங்கி ஜனவரி நடுப்பகுதிவரை, ஊர் மாற்றி ஊராக நடைபெறுகிறது.

சுருக்கமான மன்றாட்டு முடிந்தபின், பாட விரும்புவோர் முன்வரலாம் என்பது அறிவிக்கப்படும். அதன்பின் எவரும் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூன்று உழவர்களோ, தந்தையும் மகளுமோ, ஒரு குடும்பத்தார் அனைவருமோ எழுந்து முன்னே செல்கின்றனர்; கருவியிசை ஏதுமின்றிப் பாடுகின்றனர்; தம் இடத்துக்குத் திரும்புகின்றனர். கைதட்டுவார் இல்லை. சற்று நேரம் அமைதி. பின்னர் அடுத்தவர் எழுவர். ஒருவர் பாடிய பாடலை அன்று மற்றவர் பாடலாகாது என்பது மரபு. இவ்வாறு ஒரு சுற்று முடிந்ததும், அதே வரிசையில் மறு சுற்று நடைபெறும். முடிவில், பாடிய ஆடவர் அனைவரும் ஒன்றுகூடி ஒரே பாடலைப் பாடுவர். பிறகு எல்லாரும் சேர்ந்து உணவருந்துவர்.

இப்பாடல்கள் குடிலோடும் குழந்தையோடும் நின்றுவிடுபவை அல்ல. ஆதாமின் வீழ்ச்சியில் தொடங்கி, மீட்பரின் பிறப்பு, பாடுகள், உயிர்ப்பு என்று மீட்பு வரலாறு முழுவதையும் பாடுபவை பல. ஆனால் மெட்டுகளோ பெரும்பாலும் சந்தையிலும் சாலையிலும் பாடப்பட்ட கதைப்பாடல்களின் மெட்டுகள்! ஊரார் தம் வாய்க்குப் பழகிய மெட்டிலே மறையுண்மையை ஏற்றி வைத்தனர்.

இப்பாடல்களை நாம் ஒலிப்பதிவுகளின் வழியாகவே கேட்டறிந்தோம். சொல் ஒன்றும் விளங்கவில்லை. எனினும் உள்ளம் கனிந்தது. பல மாதங்கள் அவற்றைக் கேட்டு இன்புற்றோம். ஒருநாள் நம் மனச்சான்று நம்மை நோக்கி ஒரு வினா எழுப்பியது. 'இது யாருடைய பாடல்? அவர்கள் மொழிக்கு என்ன நேர்ந்தது? இதை அறிய ஒருநாளேனும் முயன்றாயா?' விடை கூற இயலாது திகைத்தோம். அத்திகைப்பிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

புரியாத குரல்

புரியாத மொழியிலுள்ள பாடலை நேசித்தல் முறையா? இவ்வினாவுக்குத் திருச்சபையின் மரபில் இருவகை விடை காணலாம்.

புனித பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பரவசப் பேச்சைப்பற்றி எழுதுகிறார். பொருள் விளங்காத ஒலி, கேட்போரின் நம்பிக்கையை வளர்ப்பதில்லை என்பது அவர் கருத்து. ஒரு மொழியின் பொருள் தெரியாதபோது பேசுபவர் நமக்கு அந்நியராகிறார். நாமும் அவருக்கு அந்நியராகிறோம் என்று அவர் உணர்த்துகிறார். புனித அகுஸ்தினாரோ திருப்பாடல் ஒன்றை விளக்குமிடத்து, வயலில் அறுவடை செய்வோரும் திராட்சைக் கனி பறிப்போரும் சொற்களோடு பாடத் தொடங்கி, மகிழ்ச்சி பொங்கியதும் சொற்களை விட்டுவிட்டு வெறும் குரலெழுப்பிக் களிகூர்வதை எடுத்துக்காட்டுகிறார். சொல்லில் அடங்காத இறைவனை அவ்வாறன்றி வேறெவ்வாறு புகழ்வது என்பது அவர் எண்ணம்.

இவ்விருவரும் முரண்படுகின்றனரா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். சொல்லைக் கடந்த மகிழ்ச்சி, சொல்லை முழுமையாக வாழ்ந்தவருக்கே உரியது. அகுஸ்தினார் கண்ட அறுவடைக்காரர் தம் மொழியின் சொற்களைப் பாடிப் பாடி, அவை நிரம்பி வழிந்தபோது அவற்றைக் கடந்தனர். நாமோ சொற்களின் வாயிற்படியையே மிதியாதவர்கள். நமக்குப் பவுல் அடிகளாரின் எச்சரிக்கையே முதலில் பொருந்தும்.

'அந்நியர்' என்னும் சொல் இங்குத் தற்செயலாக வந்ததன்று. 'வெல்ஷ்' என்னும் ஆங்கிலப் பெயரின் வேர்ப்பொருளே 'அந்நியர்' என்பதாம். தம் சொந்த மண்ணில் வாழ்ந்த மக்களுக்கு, பின்னர் வந்து குடியேறியோர் இட்ட பெயர் இது. அம்மக்கள் தம்மைக் 'கம்ரி' என்று அழைத்துக்கொள்கின்றனர். 'ஒரே நாட்டார்' என்பது அதன் வேர்ப்பொருள். ஒருவர் தம்மை உறவின் பெயரால் அழைத்துக்கொள்ள, மற்றவர் அவரை அயன்மையின் பெயரால் அழைக்கிறார். இம்மக்களின் வரலாறு முழுவதும் இவ்விரு பெயர்களில் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

இருவகை நேசம்

புனித தோமா அக்குவினார் அன்பை ஆராயுங்கால் இருவகையாகப் பகுக்கிறார். ஒன்று, நம் நலனுக்காக ஒன்றை விரும்புதல். மற்றொன்று, ஒருவரின் நலனை அவருக்காகவே விரும்புதல். திராட்சை இரசத்தை நாம் விரும்புவது முதல்வகை. திராட்சை இரசத்தோடு எவரும் நட்புக் கொள்வதில்லை. குடித்து முடித்தபின் கிண்ணத்தைப்பற்றிக் கவலை கொள்வதுமில்லை. நண்பனை விரும்புவது இரண்டாம் வகை. அவன் வாழவேண்டும், தானாகவே வாழவேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஒரு மக்களின் பாடலை நாம் எவ்வகையில் நேசிக்கிறோம்? திராட்சை இரசத்தைப்போலா, நண்பனைப்போலா? இதுவே நம் கட்டுரையின் மைய வினா.

மேத்யூ ஆர்னால்டு என்னும் ஆங்கிலக் கவிஞர் 1864-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டுக் கடற்கரை நகராகிய லான்டட்னோவுக்குச் சென்றிருந்தபோது, அங்கு நடைபெற்ற கவிதை, இசைப் பெருவிழாவைக் கண்டார். அவர் கவிஞர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கவிதைப் பேராசிரியர், அரசின் பள்ளி ஆய்வாளரும் ஆவார். கெல்டிய இலக்கியத்தைப் புகழ்ந்து அவர் ஆற்றிய விரிவுரைகள் 1867-இல் நூலாக வெளிவந்தன. அம்மக்களின் நுண்ணுணர்வையும் இசையினிமையையும் அவர் மனமாரப் போற்றினார். அதே நூலில், அன்றாட வாழ்வின் கருவி என்ற நிலையிலிருந்து வெல்ஷ் மொழி எவ்வளவு விரைவில் மறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றும் எழுதினார்! மொழி அறிஞரின் ஆய்வுமேசையில் இருக்கலாம். அங்காடியிலும் பள்ளியிலும் அவைக்களத்திலும் இருத்தலாகாது என்பது அவர் எண்ணம்.

ஆர்னால்டு தீயவர் அல்லர். வெல்ஷ் மக்கள்மீது அவருக்குப் பகையும் இல்லை. அவரது குறை பகையினும் நுண்ணியது. மலரைப் போற்றி வேரை வேண்டாவென்றார். அதனாலேயே அவர் நமக்கு ஒரு கண்ணாடியாகிறார்.

அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னர், 1847-இல், வேல்ஸ் நாட்டுக் கல்விநிலையை ஆய்ந்த அரசு ஆணையர் மூவரின் அறிக்கை வெளிவந்தது. மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. பள்ளிகளின் குறைகளைச் சுட்டியதோடு அவர்கள் நில்லாமல், மக்களின் ஒழுக்கத்தையும், குறிப்பாகப் பெண்களின் நடத்தையையும் இழித்துரைத்து, மொழியே முன்னேற்றத்துக்குப் பெருந்தடை என்று முடிவுகட்டினர். அவ்வறிக்கையின் அட்டை நிறத்தை வைத்து, 'நீலநூல்களின் துரோகம்' என்று வெல்ஷ் மக்கள் அதனை இன்றும் நினைவுகூர்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் நிலவிய ஒரு வழக்கம் இன்னும் கொடியது. வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவர். அக்குழந்தை, வெல்ஷ் பேசும் மற்றொரு குழந்தையைக் காட்டிக்கொடுத்தால் மரத்துண்டு அதன் கழுத்துக்கு மாறும். மாலையில் எவர் கழுத்தில் அது கிடக்கிறதோ அவருக்கே அடி. இதில் அடியினும் பெரிய தீமை ஒன்றுண்டு. தாய்மொழியில் பேசிய தோழனைக் காட்டிக்கொடுத்தால் தப்பலாம் என்று பிஞ்சு உள்ளத்துக்குக் கற்பிக்கப்பட்டதே அது. இவ்வழக்கத்தைப் பெற்றோரிற் பலரே ஏற்றுக்கொண்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால்தான் பிழைப்பு என்று அவர்கள் அஞ்சினர்.

ஒளித்துக் காத்தவர்கள்

இத்தகைய சூழலில் மொழி எவ்வாறு உயிர் பிழைத்தது? வியப்புக்குரிய விடை இதுதான்: இறைவேண்டல் அதனைக் காத்தது.

1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸ் நாட்டை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றங்களில் ஆங்கிலத்தையே மொழியாக்கியது. வெல்ஷ் மொழியைப் பயன்படுத்துவோர் அரசுப் பொறுப்பு வகிக்க முடியாதென்றும் விதித்தது. ஆனால் 1563-இல் மற்றொரு சட்டம் விவிலியத்தை வெல்ஷ் மொழியில் பெயர்க்குமாறு பணித்தது. அதன் அருகே ஆங்கில விவிலியத்தையும் வைக்கவேண்டும், மக்கள் இரண்டையும் ஒப்பிட்டு ஆங்கிலம் கற்பர் என்பது சட்டம் இயற்றியோரின் கணக்கு. மனிதர் கணக்கு ஒன்றாயிருக்க, இறைவனின் கணக்கு வேறாயிற்று. 1588-இல் வில்லியம் மார்கன் வெளியிட்ட முழு விவிலியம், அரசவையில் இடமிழந்த மொழிக்கு ஆலயத்தில் அரியணை இட்டது.

அதே காலத்தில் நம் கத்தோலிக்க முன்னோர் பட்ட பாட்டையும் இங்கு நினைவுகூர்தல் தகும். புனித கார்லோ பொரோமேயு பேராயராக விளங்கிய மிலான் நகரின் பேராலயத்தில் இறையியல் குருவாகப் பணியாற்றிய கிரிஃபித் ராபர்ட், நம்பிக்கையின் பொருட்டு நாடு துறந்த வெல்ஷ்காரர். அவர் 1567-இல் தம் தாய்மொழிக்கு இலக்கண நூல் ஒன்றை மிலானில் வெளியிடத் தொடங்கினார். ஒரு திராட்சைத் தோட்டத்து நிழலில், ஊர்நினைவால் வாடும் இருவர் உரையாடுவதாக அந்நூல் அமைந்துள்ளது. இலக்கணமும் ஏக்கமும் அங்கு ஒன்றாய்க் கலந்துள்ளன! 'கிறிஸ்தவக் கண்ணாடி' என்று பொருள்படும் கத்தோலிக்க நூலொன்று 1587-இல் லான்டட்னோவை அடுத்த கடலோரக் குகை ஒன்றில் மறைவாக அச்சிடப்பட்டது. வேல்ஸ் மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே என்பர். ஆர்னால்டு பின்னாளில் நின்று மகிழ்ந்த அதே கடற்கரைதான்!

1584-இல் ரெக்ஸம் நகரில் மறைசாட்சியாக உயிர்துறந்த ரிச்சர்டு குவின் ஒரு பள்ளி ஆசிரியர். வெல்ஷ் மொழியில் எளிய நடையிலே சமயப் பாடல்கள் இயற்றியவர். 1679-இல் கார்டிஃபில் கொல்லப்பட்ட இயேசுசபைக் குரு பிலிப் எவான்ஸ் யாழிசைப்பதில் வல்லவர். மறுநாள் தமக்குக் கொலைத்தண்டனை என்ற செய்தி வந்தபின்னும், அவர் சிறையில் யாழ் மீட்டிக்கொண்டிருந்தார் என்று மரபு கூறுகிறது. இவ்விருவரையும் 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

நம் சபையைச் சேராதவர்களிடமும் இறைவன் பெரும்பணி ஆற்றினார். கிரிஃபித் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் குரு 1731 முதல் ஊர் ஊராக இடம்பெயரும் பள்ளிகளை நடத்தினார். சில மாதங்கள் ஓர் ஊரில் தங்கி, உழவரும் முதியவரும் தம் மொழியில் விவிலியம் வாசிக்கக் கற்பித்துவிட்டு, பள்ளி அடுத்த ஊருக்குச் சென்றுவிடும். அவர் மறைந்த 1761-ஆம் ஆண்டுக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு கற்றதாக மதிப்பிடப்படுகிறது.

பிளகைன் பாடும் அதே மான்ட்காமரிஷயரில் லான்விஹாங்கெல் என்றொரு பங்கு உண்டு. மிக்கேல் அதிதூதரின் ஆலயம் என்பது அப்பெயரின் பொருள். அங்கு ஒரு பண்ணை வீட்டில் 1776-இல் பிறந்தவர் ஆன் கிரிஃபித்ஸ். வெல்ஷ் பக்திப் பாடலின் சிகரம் என்று போற்றப்படும் இப்பெண்மணி, 1805-இல், மகப்பேற்றுக்குப் பின் 29-ஆம் வயதில் இறந்தார். தம் பாடல்களை அவர் நூலாக்கிவைக்கவில்லை. அவ்வீட்டுப் பணிப்பெண் ரூத் அவற்றைக் கேட்டு நெஞ்சில் பதித்திருந்தார். ரூத்துக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, அவருடைய கணவர் எழுதினார். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுள்கள் அவ்வாறே உலகுக்குக் கிடைத்தன. எழுத்தறியாத ஒரு பணிப்பெண்ணின் நினைவு, ஒரு நாட்டின் ஞானச் செல்வத்தைக் காத்தது. எளியோரின் கையில் தம் கருவூலத்தை ஒப்படைப்பது இறைவனின் வழக்கமன்றோ?

யாழை விரட்டியவர் யார்?

ஆயினும் சமயத்தாருக்கு இவ்வரலாற்றில் பெருமை மட்டுமே உண்டென்று கூறினால் அது பொய்யாகும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் சமய எழுச்சியில், மொழிக்கு எழுத்தறிவு தந்த அதே போதகர்களிற் பலர், ஊர் மக்களின் ஆடலையும் யாழிசையையும் பழைய பாடல்களையும் பாவமென்று பழித்தனர். பாடகர் பலர் பாட்டைக் கைவிட்டனர். அரச குடும்பத்தின் யாழ்க்கலைஞராயிருந்த எட்வர்டு ஜோன்ஸ், 1784-இல் பழைய வெல்ஷ் இசையைத் தொகுத்து வெளியிட்டவர். 1802-இல் வெளியிட்ட மற்றொரு நூலில், போதகர்களின் கடுமையால் நாட்டின் மகிழ்ச்சியே வற்றிப்போயிற்று என்று அவர் வருந்துகிறார்.

அப்படியானால் அம்மக்களின் மூவரிசை யாழ் எவ்வாறு எஞ்சியது? ஊர் ஊராகத் திரிந்த ரோமா நாடோடிகளின் கைகளில்! ஆப்ரகாம் உட் என்பவரின் வழிவந்த குடும்பத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாக மீட்டி வந்தனர். ஆலயத்தார் தள்ளிய யாழை, எவராலும் மதிக்கப்படாத நாடோடிகள் தாங்கி நின்றனர். நல்ல சமாரியர் உவமையை ஞாயிறுதோறும் விளக்கும் நமக்கு இது குத்தலாகவே படுகிறது.

அந்த யாழோடு பாடும் கலை ஒன்று அவர்களிடம் உண்டு. அதற்குக் 'கெர்த் தாந்த்', அதாவது நரம்பிசை, என்று பெயர். யாழ் ஒரு மெட்டைத் தொடங்கிவிடும். பாடுபவர் உடனே சேர்வதில்லை. சில அடிகள் கழித்து, வேறொரு மெட்டில் தம் கவிதையைப் பாடத் தொடங்குவார். யாழின் மெட்டு வேறு, குரலின் மெட்டு வேறு. ஒன்று மற்றொன்றை விழுங்காது. ஆனால் இரண்டும் ஒரே நொடியில் முடிவடையும். கவிதையின் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே இக்கலையின் முதல் விதி. சொல் விளங்காவிடில் இக்கலையில் பாதியும் நமக்கு எட்டாது. பாடலை வைத்துக்கொண்டு மொழியை நீக்கிவிடலாம் என்பார்க்கு இக்கலையே மறுமொழி.

ஓர் எதிர்வாதம்

நேர்மையான வாசகர் இங்கு ஒரு தடை எழுப்பக்கூடும். 'மொழி என்பது கருத்தைப் பரிமாறும் கருவிதானே? மக்கள் எல்லாரும் ஒரே மொழி பேசினால் பகை குறையாதோ? ஏழைப் பிள்ளைக்கு வேண்டியது சோறு. பாட்டன் பாட்டு அன்று.' இவ்வாதத்தை எளிதில் தள்ளுவதற்கில்லை. மரத்துண்டை ஏற்றுக்கொண்ட பெற்றோரும் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர்.

ஆனால் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பித்தல் வேறு. அவன் தாயின் மொழியைக் குற்றமாக்குதல் வேறு. முன்னது அவனுக்கு ஒரு கதவைத் திறக்கிறது. பின்னது அவன் வீட்டுக் கதவை அடைத்துவிட்டு, வெளியே நிற்பதையே முன்னேற்றம் என்கிறது. இருமொழி அறிந்த பிள்ளைக்குச் சோறு குறைவதில்லை.

ஒரே மொழி பேசினால் ஒற்றுமை வரும் என்பதற்கும் மறைநூல் விடை தருகிறது. பாபேலில் ஒரே மொழி இருந்தது; அது ஆணவத்தின் கோபுரத்தைக் கட்டியது. பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் வந்தபோது, கூடியிருந்தோர் அனைவரையும் ஒரே மொழியினராக ஆக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே இறைவனின் மாபெரும் செயல்களைக் கேட்டனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஆவியாரின் ஒற்றுமை, எவருடைய மொழியையும் விலையாகக் கேட்பதில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்ததும், மக்களினங்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு வழங்கப் பணித்ததும் இவ்வுண்மையின் விளைவே. அதன் பயனை நாமும் ஒவ்வொரு திருப்பலியிலும் நுகர்கிறோம்.

நீரில் மூழ்கிய ஊர்

பாலா என்னும் நகருக்கு அருகே ஃப்ரான்கோக் என்றோர் ஊர் உண்டு. அங்கு மாவு ஆலையும் நிலமும் வைத்துப் பிழைத்த பாப் ராபர்ட்ஸ், நாட்டுப்புறப் பாடகர். முதுமையில், 1940-களில் வானொலி வழியாக அவர் குரல் நாடெங்கும் பரவியது. 1951-இல் அவர் மறைந்தார். அண்டைப் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்னும் சிற்றூர் இருந்தது. பள்ளி, அஞ்சலகம், சிற்றாலயம், கல்லறைத் தோட்டம், பண்ணை வீடுகள் யாவும் கொண்டு, வெல்ஷ் மொழியே பேசி வாழ்ந்த ஊர் அது. லிவர்பூல் நகருக்கு நீர் வேண்டி அப்பள்ளத்தாக்கை மூழ்கடிக்க 1957-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் நாட்டு உறுப்பினர் ஒருவரும் அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. எனினும் 1965-இல் ஊர் நீருக்குள் மறைந்தது. வேறொரு நூற்றாண்டு பிறந்து, 2005-இல், லிவர்பூல் மாநகர மன்றம் அதற்காக மன்னிப்புக் கேட்டது.

பாப் ராபர்ட்ஸின் குரலைக் கேட்டு வானொலியருகே மகிழ்ந்தவர் எத்தனை பேர்! அத்தகைய பாடல் பிறக்கும் ஊர் ஒன்று மூழ்குகையில், அதே செவிகள் அவ்வூராரின் முறையீட்டைக் கேட்டனவா? பாடலுக்கு இசைந்த செவி முறையீட்டுக்கு அடைத்துக்கொண்டால், அச்செவியின் சுவையுணர்வைப் பெருமையாகக் கொள்வதெப்படி?

அக்காலத்தில், 1962 பிப்ரவரி 13 அன்று, வெல்ஷ் மொழியின் ஊழைப்பற்றி ஒரு முதியவர் வானொலியில் உரையாற்றினார். அவர் சாண்டர்ஸ் லூயிஸ்: நாடக ஆசிரியர், கவிஞர், 1932-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். வெல்ஷ் மண்ணில் குண்டுவீச்சுப் பயிற்சிக்கூடம் அமைப்பதை எதிர்த்து 1936-இல் அதற்குத் தீயிட்டு, தாமே காவலரிடம் சென்று ஒப்புக்கொண்டு சிறை சென்றவரும் ஆவார். இப்போக்கு நீடித்தால் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இராது என்று அவர் எச்சரித்தார். அவ்வாண்டே இளைஞர் மொழிக்காக ஒரு சங்கம் கண்டனர். 1967, 1993-ஆம் ஆண்டுச் சட்டங்கள் படிப்படியாக உரிமைகள் வழங்கின. 2011-இல் வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் அலுவல்மொழி நிலை பெற்றது. 1939-இல் அபெரிஸ்ட்வித் நகரில் ஏழே பிள்ளைகளோடு தொடங்கிய வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளியின் பின்னே, இன்று அத்தகைய பள்ளிகள் நாடெங்கும் உள்ளன. எனினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1911-இல் மக்களில் 43.5 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசினர். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 விழுக்காடு; ஏறத்தாழ 5,38,300 பேர்.

பாடல் வழியே மொழிக்குள்

அப்படியாயின் அயலாராகிய நாம் என்ன செய்வது? பாடலைக் கேளாது விட்டுவிடுவதா? அன்று. கேட்பது தொடக்கம், தொடக்கத்திலேயே நின்றுவிடுதல்தான் குறை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1922-இல் பிறந்த ஃபிலிஸ் கின்னி ஓர் இசை நாடகப் பாடகி. மெரெடித் எவான்ஸ் என்னும் வெல்ஷ்காரரை மணந்து, அவர் மொழியைக் கற்று, தம் வாழ்நாளை வெல்ஷ் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுப்பதிலும் ஆராய்வதிலும் செலவிட்டார். வெல்ஷ் மரபிசை குறித்த அவரது விரிவான ஆய்வுநூல் 2011-இல், அவர் 90 வயதை நெருங்கும்போது, வெளிவந்தது. அவர் கணவரோ மெய்யியல் பேராசிரியர். தாயிடம் கற்ற பாடல்களைப் பாடி, 1954-இல் அமெரிக்காவில் இசைத்தட்டு வெளியிட்டவர். வெல்ஷ் மொழிக்குத் தொலைக்காட்சி ஒளிவரிசை மறுக்கப்பட்டபோது, 1979-இல் வேறு இருவரோடு ஓர் ஒளிபரப்பு நிலையத்தை நிறுத்தி, நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றார். பாடலை நேசித்த அவர் மொழிக்காகத் தண்டனையும் ஏற்றார். பாடலால் ஈர்க்கப்பட்ட அவர் மனைவி மொழிக்குள் குடிபுகுந்தார். தோமா அக்குவினார் கூறிய இரண்டாம் வகை அன்பு இதுவே.

இதனினும் நமக்கு அருகில் ஒரு சான்றுண்டு. தாமஸ் ஜோன்ஸ் என்னும் வெல்ஷ் மறைபரப்பாளர் 1841-இல் இந்தியாவின் வடகிழக்கே காசி மலைகளுக்கு வந்தார். அம்மக்களின் மொழியைக் கற்று, வெல்ஷ் எழுத்துமுறையைத் தழுவி அதற்கு எழுத்து அமைத்தார். தம் மொழியைத் தாழ்வாக எண்ணிய உலகிலிருந்து வந்தவர், மற்றொரு சிறு மொழிக்கு ஏட்டில் இடம் தேடிக்கொடுத்தார்.

இங்கு நம் குற்றம் ஒன்றையும் அறிக்கையிடவேண்டும். நாம் ஒரு மலைப்பங்கில் பணியாற்றிய நாள்களில், திருவிழா மேடையில் பழங்குடிப் பிள்ளைகளை அவர்கள் மொழியில் பாடச்சொல்லி, விருந்தினரோடு அமர்ந்து மகிழ்ந்தோம், கைதட்டினோம். மறுவாரம் மறைக்கல்வி வகுப்பில் அதே பிள்ளைகள் தமக்குள் அம்மொழியில் பேசியபோது, 'தமிழில் பேசுங்கள்' என்று அதட்டினோம். கழுத்தில் மரத்துண்டு எதையும் தொங்கவிடவில்லை. ஆனால் அப்பிள்ளைகள் தலைகுனிந்தனர். ஆர்னால்டைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? அந்த அதட்டலை நாம் மறந்தே போயிருந்தோம். வேல்ஸ் நாட்டு உழவர் பாடிய பாடல்கள் அதை நினைவூட்டின.

அன்பு வாசகரே, நாமும் நீங்களும் வெல்ஷ் மொழியைக் கற்றுத் தேறுவோம் என்று இங்கு வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு மக்களின் பாடல் நம் நெஞ்சைத் தொட்டால், அந்நொடியே நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர் ஆகிறோம். அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரை அறிதல், அவர்கள் சொற்களிற் சிலவற்றையேனும் பிழையின்றி ஒலிக்க முயலுதல், அவர்கள் இழந்ததைக் கேட்டறிதல், நம் அருகே அவ்வாறே நலிவோர் உளரோ என்று திரும்பிப் பார்த்தல், இவையெல்லாம் அக்கடனின் சிறு தவணைகள். வேல்ஸ் நாட்டின் பாதுகாவலராகிய புனித தாவீது தம் இறுதி நாள்களில் சீடர்களிடம், தம்மிடம் கண்ட சிறு செயல்களையே செய்யுமாறு கேட்டுக்கொண்டார் என்பர். சிறு செயல்களே நம் ஆற்றலுக்கும் உரியவை.

பிளகைன் பாடும் ஆலயத்தில் பாடல் முடிந்ததும் எவரும் கைதட்டுவதில்லை என்றோம். அந்த அமைதியின் பொருள் நமக்கு இப்போது சற்று விளங்குகிறது. கைதட்டினால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. பாடியவர் ஒருபுறமும் கேட்டவர் ஒருபுறமும் பிரிந்துவிடுகின்றனர். அமைதியாக இருந்தால் பாடல் நம்மிடமே தங்கி, நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.